வெற்றிடத்துக்கு நாற்பது நிமிடம்

மெஹிகாலியில், ஆகஸ்டில்,
தகரத்தின்மேல் முட்டியூன்றினால்
முட்டி நம்முடையதில்லை.
அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து விரித்து
அதன்மேல் மண்டியிட்டிருக்கிறேன்,
ஈமச்சடங்கு மண்டபத்தின் கூரையில்.

நேற்றே முடிந்திருக்க வேண்டிய வேலை.
எல்லையில் லாரி நின்றுபோனது.
பழைய யூனிட் லாரிக்காகக் காத்திருக்கவில்லை.
ரொட்டிக்கடை ரெஃபுஹியோவும் காத்திருக்கவில்லை.

சவ ஊர்தி நிற்கிற இடத்தை விட்டால்
கிரேனை நிறுத்த வேறு இடமில்லை.
கிரிசெல்டா தூக்கினாள்:
இருநூற்றுப் பத்துக் கிலோ,
ஜெபம் நடக்கும் சன்னலைத் தாண்டி,
வாயில் கவ்விய கரண்டியில்
எலுமிச்சம்பழம் கொண்டுபோகிறவளைப் போல.

சுவரிலிருந்து மூன்று சாண் தள்ளி வைத்தோம்.
விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒளித்து வைக்கச் சொன்னார்
முதலாளி எவெரார்தோ. அழகு கெடுகிறதாம்.
விட்ட மூச்சையே திரும்ப இழுத்தால்
எதுவும் திணறும் என்றேன்.
'அமைதி எங்கள் பொறுப்பு' என்றிருந்தது பலகையில்.
கொஞ்சநேரம் அதைப் பார்த்துவிட்டு
பலகையை நகர்த்தச் சொன்னார்.

நாலு காலுக்கு மூன்று ரப்பர்தான் வந்திருந்தது.
நபோர் இறங்கிப்போய்
ஒரு டயர்த்துண்டோடு வந்தான்.
எந்த வண்டியின் டயர் என்று கேட்கவில்லை.

செம்புக்குழாயைப் பற்றவைக்கும்போது
உள்ளே நைட்ரஜன் ஓடவேண்டும்.
இல்லாவிட்டால் உட்சுவரில் கரி படியும்,
வெளியே மினுமினுக்கும்.
மூன்று வருடம் கழித்து அந்தக் கரி
வால்வின் தொண்டையில் போய் உட்காரும்.
வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியவில்லை.
வெள்ளிக்கம்பி இளகியதை வைத்துத்தான்
நெருப்பு இருப்பதை நம்பினேன்.

பிறகு பம்ப்.
குழாயிலிருக்கும் காற்றை, காற்றிலிருக்கும் ஈரத்தை
உறிஞ்சி உறிஞ்சி
ஒன்றுமில்லாததை உண்டாக்க வேண்டும்.
இரண்டாயிரம். ஆயிரத்து நானூறு.
மானி அங்கேயே நின்று யோசிக்கிறது.

ஏணி விளிம்பில் ஒரு தலை, கழுத்தில் டை:
"ஓடவிடேன். நாற்பத்தேழு டிகிரி. மருமகள் மயங்கிவிட்டாள்."
இன்னும் நாற்பது நிமிடம்.
"மெழுகுவர்த்தி வளைகிறது."
நாற்பது நிமிடம்.
"நீ மனுஷிதானா?"

ஒரு துளி ஈரம் உள்ளே தங்கினால்
அமிலமாகும், மோட்டார்ச் சுருளைத் தின்னும்,
அடுத்த ஆகஸ்டில் வேறொரு வீட்டார்
அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.
ஏணியில் நிற்பவரிடம் இதைச் சொல்ல முடியுமா?
மானியைத் திருப்பிக் காட்டினேன்.
அவருக்கு அது வெறும் எண்.

கிரிசெல்டா வேலை முடிந்தும் போகவில்லை.
எங்கள் குடிதண்ணீர் இருந்த ஐஸ்பெட்டியை
என்னைக் கேட்காமலே கீழே கொண்டுபோனாள்.
திரும்பி வந்து சொன்னாள்:
மகன் சிரிக்கிறானாம்,
'நாற்பது வருடம் ரொட்டி அடுப்பின் முன் நின்றவள்,
அம்மாவுக்கு ஒன்றுமில்லை,
வேர்ப்பதெல்லாம் நமக்குத்தான்' என்று.
பிறகு அழுகிறானாம்.

ஐந்நூறு.
பம்பை நிறுத்தினேன். எண் திரும்ப ஏறுகிறதா என்று
பத்து நிமிடம் பார்த்தேன்.
அந்தப் பத்தை எவெரார்தோவிடம் சொல்லியிருக்கவில்லை.
ஏறவில்லை.

வால்வைத் திறந்தேன். சுவிட்ச் 'டக்' என்றது.
விசிறி தயங்கிச் சுற்றி
இறக்கைகளைத் தொலைத்தது.

குளிர் என்று எதையும் நாங்கள் கொண்டுவருவதில்லை.
உள்ளே இருப்பதை அள்ளி
வெளியே கொட்டுகிறோம், அவ்வளவுதான்.
விசிறிக்கு மேலே உள்ளங்கையை நீட்டினேன்.
அறுபது பேரின் உடம்புச் சூடு,
மெழுகுவர்த்தி, காப்பிப் பாத்திரம், கறுப்புக் கோட்டுகள்
விரலிடுக்கு வழியாக
மேலே போய்க்கொண்டிருந்தன.

நபோரும் நீட்டினான்.
"நல்ல சூடு" என்றான்.
வேலை சரி என்பதற்கு
எங்கள் பாஷை அது.

டயர்த்துண்டு இருந்த மூலையில்
போல்ட்டை இன்னொரு சுற்று முறுக்கினேன்.
கீழே யாரோ யாரிடமோ
கதவைச் சாத்து என்றார்கள்.